வளைவில் நிற்க வேண்டியவர்

அத்தியாயம் ஒன்பது

"இத்தனை வருஷமா உங்க முதுகைத்தான் பார்த்துட்டு வர்றேன்."

முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில் மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியம், காதுக்குள் போன எறும்பு மாதிரி விடியும்வரை வெல்டரைக் குடைந்துகொண்டே இருந்தது.

சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் தெரியும். அவளோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, வெளியே மழை தூறுகிறது என்பதுபோலச் சொன்னாள். அதே குரலில் இன்னொன்றும் சொன்னாள். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, துணைக்கு அங்கே போகப்போகிறாள். பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வருவதா, மகள் வீட்டிலேயே தங்கிவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தச் சுற்றுலா முடிந்து கிளம்பும்போது சொல்வாள்.

சுற்றுலா நாளையோடு முடிகிறது.

சைக்கிள் சுற்றுலாவே மகள் செய்த ஏற்பாடுதான். கப்பல் பட்டறையில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், அம்மாவின் போன் பேச்சு வர வரக் குறைந்துபோனதை அவள் கவனித்திருந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து நாலு நாள் எங்கேயாவது போங்க. ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு ஓட்டுங்க, பேச்சு தானா வரும்" என்று குழுவில் பெயர் கொடுத்துவிட்டாள். பஸ் கண்டக்டரான மச்சினன், அக்காவுக்குத் துணை என்று தானும் தொற்றிக்கொண்டான்.

பேச்சு வரவில்லை. எப்படி வரும்? முதல் நாளே வெல்டர் இளவட்டங்களோடு முன்னால் பறந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய கால் இன்னும் இரும்புதான் என்று காட்ட அவருக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து மடிக்கிற அவளுக்குக் கையில் பலம் உண்டு, காலில் கிடையாது. வாடகைக்கு எடுக்கும்போதே குழுத் தலைவி பேட்டரி சைக்கிள் ஒன்றைக் காட்டினாள். "பேட்டரி வச்சு மிதிக்கிறதுக்கு வேன்லயே உட்கார்ந்து வரலாமே" என்று இவர் சிரித்தார். நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள். சாதாரண சைக்கிளையே எடுத்தாள்.

அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் ராத்திரி குடைந்தது. காலையில் எழுந்ததும் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு நான் உன்கூடவே வர்றேன்."

அவள் ஹெல்மெட் வாரைக் கழுத்தடியில் மாட்டிக்கொண்டே, "சரி" என்றாள்.

விடுதி முற்றத்தில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பைகளெல்லாம் வேனில் ஏறிவிட்டன. ஒரு மேசையில் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. பஞ்சு வைத்த கால்சட்டையில் எல்லோரும் வாத்து நடை நடந்தார்கள். மூன்றாம் நாள் உட்காரும் இடம் எப்படி வலிக்கும் என்று விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் குழுத் தலைவி கை தட்டினாள். "இன்னைக்கு ஏற்றம் அதிகம். அவங்கவங்க வேகத்துல வாங்க, யாருக்கும் பரிசு கிடையாது. ஆனா திருப்பத்துல என்ன விதி?"

"நில்லு!" என்று கூட்டம் கத்தியது.

"யார் நிக்கணும்?"

"உங்களுக்கு அடுத்து வர்றவர்!"

"எதுவரைக்கும்?"

"வால் வர்றவரைக்கும்!"

வால் என்பது கடைசியில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வரும் வழிகாட்டி. யாருக்கு டயர் போனாலும், யாருக்கு மூச்சு வாங்கினாலும் கூடவே நிற்பவன். அதிகம் பேசமாட்டான். அந்தப் பெயரில் கூப்பிட்டால் சிரிப்பான்.

"மழை வந்தாலும் சரி, பசிச்சாலும் சரி. திருப்பத்துல நிக்கிறவர்தான் வழிகாட்டிப் பலகை. பலகை எங்கேயும் நடந்து போகக் கூடாது" என்றாள் கேப்டன்.

மச்சினன் வேனின் முன்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் நின்று நின்று தேய்ந்த முட்டி, முதல் நாள் மதியமே கைவிட்டுவிட்டது. "யாராவது கேட்டா நான் நிர்வாகத்துல இருக்கேன்னு சொல்லுங்க மாமா" என்றான்.

"வாழைப்பழ நிர்வாகம்தானே?"

"மீதி வச்சாத்தானே உங்களுக்கு."

புறப்பட்டார்கள். முதல் ஏற்றம் வரும்வரை வெல்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனைவிக்குப் பக்கத்திலேயே ஓட்டினார். காற்று நன்றாக இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஏற்றம் வந்துவிட்டது.

"சின்ன கியருக்கு மாத்து."

"மாத்திட்டேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கு பாரு. கட்டைவிரலால தள்ளு."

"தள்ளிட்டேங்க."

"அப்புறம் ஏன் கஷ்டப்படுறே? உடம்பை முன்னாடி சாய். வாயால மூச்சு விடாதே."

அவள் சைக்கிளை ஓரம் கட்டி, ஒரு காலை ஊன்றினாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்க முன்னாடி போங்க."

"ஏன்? கூட வர்றேன்னு சொன்னேன்ல?"

"வர்றீங்க. சூப்பர்வைசர் மாதிரி வர்றீங்க. லாண்டரியில ஒருத்தன் இருக்கான், எனக்கு அவன் ஒருத்தன் போதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் களைப்பும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. வெல்டர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருந்தது. எழுந்து நின்று நாலு மிதி மிதித்தார். ஏற்றத்தின் உச்சியில் திரும்பிப் பார்த்தபோது அவள் கீழே ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தாள்.

மதியத்துக்குள் அவர் பழையபடி கேப்டனின் பின்சக்கரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கவடு வந்தது. சாலை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஏரிக்கரை விடுதிக்கு ஏறியது. வலப்பக்கம் கல்குவாரியை நோக்கிச் சரிந்து இறங்கியது. பலகை ஏதும் இல்லை.

"சார், இந்தத் திருப்பம் உங்களுது" என்றாள் கேப்டன். "எல்லாரையும் இடது பக்கம் அனுப்புங்க. வலது பக்கம் லாரி ரோடு. வால் வந்ததும் வாங்க."

நின்றார். கையை நீட்டிக் காட்டினார். வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள். பல் டாக்டரும் அவர் வீட்டம்மாவும் போனார்கள். ஒவ்வொருவரும் "நன்றி சார்" என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு யாரும் வரவில்லை. பாக்கி இருப்பது ஓய்வு பெற்ற டீச்சர், தன் மனைவி, வால். மூன்று பேரும் ஆமைகள் என்று நினைத்துக்கொண்டார்.

கவட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு பேர் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். படபடவென்று பொரிகிற சத்தத்தைக் கேட்டதுமே வெல்டருக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் அதிகம். மெல்லிய குழாய். ஓட்டை விழும்.

விழுந்தது. உள்ளே இருந்தவன் கெட்ட வார்த்தை சொன்னான். திரும்பவும் அதே கரண்ட், அதே தடித்த ராடு. திரும்பவும் ஓட்டை.

வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். வெறும் சாலை. ஏற்றத்தில் தலை ஏதும் முளைக்கவில்லை.

மூன்றாவது ஓட்டை விழுந்தபோது சைக்கிளைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"தம்பி, கரண்டைக் குறை. அதுக்கு இந்த ராடு ஆகாது."

"யாரு சார் நீங்க?" என்றவன் பஞ்சுக் கால்சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"கப்பலுக்கு அடித்தட்டு பற்றவச்சவன். கொண்டா இங்க."

ஒரு நிமிட வேலை என்றுதான் நினைத்தார். சின்ன ராடு எடுத்துக் கொடுத்தார்கள். ஷீல்டை முகத்துக்கு இறக்கினார். அதற்குள்ளே போனால் உலகம் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, அதில் ஒரு பொட்டு வெளிச்சம், அந்த வெளிச்சத்தின் நுனியில் உருகி ஓடும் இரும்பு. விட்டு விட்டுப் புள்ளி வைத்தார். புள்ளியோடு புள்ளி சேர்ந்து இழை மாதிரி ஓடியது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்தக் கை இப்படி நிமிர்ந்ததே இல்லை. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கத்தையும் திருப்பச் சொன்னார்.

ஷீல்டைத் தூக்கியபோது வாசலில் மஞ்சள் சட்டை நின்றது. பக்கத்தில் டீச்சர்.

"சார், இங்க என்ன பண்றீங்க?" என்றான் வால்.

"வந்துட்டீங்களா? சும்மா ஒரு கை... எங்கே அவ?"

வால் திரும்பிச் சாலையைப் பார்த்தான்.

"அக்கா அப்பவே முன்னாடி வந்துட்டாங்களே. டீச்சருக்கு டயர் போச்சு. காத்துல நிக்க வேண்டாம்னு நான்தான் அவங்களை அனுப்பினேன். வழி தெரியுமான்னு கேட்டேன். திருப்பத்துல எங்க வீட்டுக்காரர் நிப்பார்னு சொன்னாங்க."

வெல்டர் கையிலிருந்த ராடு பிடியைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

வால் கேப்டனுக்குப் போன் செய்தான். மேலே ஏறியவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய போன் வேனில் சார்ஜில் கிடந்தது. வேன் திரும்பி வந்தது. மச்சினன் பின்சீட்டுக்கு மாறிக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். முகத்தில் கேலி இல்லை.

சரிவில் இறங்கும்போது, கல் ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. வேன் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அதற்கு அப்புறம்தான் மச்சினன் வாயைத் திறந்தான்.

"சும்மா நிக்கிற வேலை மாமா."

"தெரியும்டா."

"என் பஸ்ல ஏறாத ஆளை விட்டுட்டு நான் ஒரு நாள் விசில் ஊதியிருக்கேனா? முன்னப்பின்ன தெரியாதவனுக்கே நிக்கிறேன்."

"தெரியும்னேன்ல."

"தெரிஞ்சு என்ன..."

பாதியில் நிறுத்திவிட்டான். வளைவில், சிதறிக் கிடந்த ஜல்லிக்கு நடுவே சைக்கிள் கிடந்தது. முன்சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

வேன் நிற்பதற்குள் வெல்டர் இறங்கினார். சாலையோரப் பள்ளத்தை எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. மச்சினன்தான் போய்ப் பார்த்தான்.

"இங்க இல்ல மாமா!"

"யாரு, அந்தம்மாவைத் தேடுறீங்களா?" என்று கீழே குவாரியின் லாரி எடைமேடை அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க உட்கார வச்சிருக்கோம்."

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. இடது மணிக்கட்டு வீங்கிக் கோணிக்கொண்டு நின்றது. லாரி டிரைவர் ஒருவர் அட்டையை வளைத்துத் துண்டால் கட்டிவிட்டிருந்தார். மச்சினனைப் பார்த்ததும், "பயந்துட்டியாடா?" என்று கேட்டாள். வெல்டரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்குள் இருந்த சின்ன மருத்துவமனையில் எலும்பு முறிவுதான் என்று சொல்லிவிட்டார்கள். மாவுக்கட்டுப் போட்டார்கள். போடும்போது அவள் ஒரு சத்தமும் காட்டவில்லை. சலவைக்கூடத்தில் எத்தனையோ நோயாளிகளின் விரிப்புகளைத் துவைத்தவள், இன்று ஒரு விரிப்பின் மேல் தானே படுத்திருந்தாள். இந்தக் கையோடு வேலைக்குப் போக முடியாது. டாக்டர் அதைச் சொன்னபோது மட்டும் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

மச்சினன் மருந்து வாங்கப் போனான். அறையில் இரண்டு பேர் மட்டும்.

வெல்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஒரு நிமிஷம்தான் உள்ள போனேன்."

"ம்."

"நீ அதுக்குள்ள வருவேன்னு நினைக்கலை. மெதுவாத்தான் வருவேன்னு..."

"வந்தேன். பார்த்தேன்."

அவருக்குப் புரியவில்லை. "எதைப் பார்த்தே?"

"உங்க சைக்கிளைப் பார்த்தேன். உள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. நீங்கதான்னு தெரிஞ்சுது, அந்தக் கால்சட்டையில வேற எவன் பற்றவைக்கப் போறான்? கூப்பிட்டேன். கேக்கலை. திரும்பவும் கூப்பிட்டேன்."

"கிட்ட வந்து தொட்டிருக்கலாமே!"

"பற்றவைக்கும்போது கிட்ட வராதே, கண்ணு போயிடும்னு கல்யாணம் ஆன வாரத்துல சொன்னீங்க. அன்னையிலேர்ந்து வந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கிட்டு ரோட்டுலயே நின்னேன். இப்ப நிமிருவார், இப்ப நிமிருவார்னு." அவள் மாவுக்கட்டின் விளிம்பை வலது விரலால் தடவினாள். "அப்புறம் யோசிச்சேன். எந்தப் பக்கம்னு இவரைக் கேக்காமலே ஒரு தடவை போய்த்தான் பார்ப்போமே."

வெல்டர் தரையைப் பார்த்தார்.

"இறக்கம்" என்றாள் அவள். "மிதிக்கவே வேண்டாம். பிரேக்கையும் பிடிக்கலை. முகத்துல காத்து அடிச்சுது பாருங்க, நல்லா இருந்துச்சு. ஜல்லி வர்றவரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் முகத்தில், வலிக்கு நடுவிலும், அந்தக் காற்று இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கூட இருந்து அதைப் பார்க்க இந்த மூன்று நாளும் அவருக்கு வழி இருந்தது. பேட்டரி சைக்கிளை எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காலையில் கியரைப் பற்றிப் பேசாமல் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால்கூடப் போதும். அவள் அப்போது என்ன சொல்ல வாயெடுத்தாளோ!

"காலையில ஏதோ சொல்ல வந்தியே, ஏற்றத்துக்கு முன்னாடி. என்ன அது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஞாபகம் இல்லைங்க."

பிறகு அவளே கேட்டாள்.

"அந்த கேட் ஒட்டிச்சா?"

"என்ன?"

"பற்றவச்சீங்களே. நல்லா ஒட்டிச்சா?"

குத்திக் காட்டுகிறாளா என்று நிமிர்ந்து பார்த்தார். இல்லை. வேலை முடிந்து வந்த புருஷனிடம் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டாள்.

"ஒட்டிச்சு" என்றார்.

மச்சினன் மருந்தோடு வந்தபோது போனையும் கொண்டுவந்தான். மகள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெல்டர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"அப்பா, அம்மா எப்படி விழுந்தாங்க?"

"இறக்கத்துல ஜல்லி கிடந்துச்சும்மா." அதுவும் உண்மைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கட்டிலில் இருந்தவள் அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பான ரோட்டுல போயிட்டா. வழி காட்ட நான் நின்னிருக்கணும். நிக்கலை."

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

"ஒரு கேட்டைப் பற்றவைக்கப் போயிட்டேன்."

"கேட்டா? யார் வீட்டு கேட்டுப்பா?"

யார் வீட்டு கேட் என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"போனை அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மகள்.

மனைவி வலது கையால் வாங்கிக்கொண்டு மெல்ல எழுந்தாள். பிடிக்க வந்த வெல்டரிடம், வேண்டாம் என்று தலையசைத்தாள். நொண்டிக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

உதடு அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை கட்டுப் போட்ட கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். கதவருகே நின்ற மச்சினன், காதில் என்ன விழுந்ததோ, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னடா சொல்றா?"

"நாளைக்கு நேரா அங்கேயே போறாங்களாம் மாமா. வீட்டுக்கு வரலையாம்."

"அது சரி. இந்தக் கையோட வீட்டுல என்ன பண்ணுவா? அப்புறம்? எத்தனை நாளைக்காம்?"

மச்சினன் மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அதை நீங்களே கேட்டுக்குங்க."

வெல்டர் கதவைத் தள்ளினார். அவள் திரும்பிப் பார்த்தாள். "சரிம்மா, அப்பா வந்துட்டாரு, வச்சிடறேன்" என்று போனை அணைத்தாள். அவர் வந்ததும் பேச்சு நின்றுபோனது.

"எத்தனை நாளைக்குப் போறே?" என்று கேட்டார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு அவர் முகத்தை, வெல்டிங் புகை படிந்திருந்த நெற்றியை, சற்று நேரம் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலை" என்றாள். "முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க."

வீட்டில் அவள் இப்படிச் சொன்னால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். எத்தனையோ தடவை அந்த ஒரு வார்த்தையில் நிம்மதியாகப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இன்றும் அதே அர்த்தம்தானா என்று கேட்க நினைத்தார்.

அதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, தம்பி வராந்தாவில் இழுத்துப் போட்ட நாற்காலியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.